இசைத்தட்டில் வராத வாசிப்பு

கீழ்பென்னாத்தூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இறங்கினார். கண்டக்டர் இறங்கினார். பிறகு பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லோரும் இறங்கி டயரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பினாங்கில் பஸ் நின்றுபோனால் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே ஒரு டயர் போனால் அது எல்லோருடைய டயரும் ஆகிவிடுகிறது.

"ஸ்டெப்னி இல்லியா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்குது. அதுவும் பஞ்சர்," என்றார் கண்டக்டர், யாரோ வேறு கம்பெனியின் பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

மறுநாள் பௌர்ணமி. பின்னால் வந்த பஸ்களில் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குப் போகிறவர்கள் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வந்தார்கள், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் மூட்டை ஏற்றிய ஒரு மினி வேன் எங்களில் சிலரை ஏற்றிக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் துணிப்பையிலிருந்து வேகவைத்த வேர்க்கடலையை அள்ளி என் மடியில் கொட்டினார்.

"மல்லாட்ட சாப்புடும்மா. எங்க நெலத்துது."

மணிலாக் கொட்டைதான் இந்தப் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆகியிருக்கிறது. மணிலா எங்கள் ஊருக்கு எவ்வளவோ பக்கம். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள நான் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

"எந்த ஊரு நீங்க?"

"பினாங்கு. மலேசியா."

"அங்க இருந்து கிரிவலம் சுத்தவா வந்தீங்க?"

"இல்லைங்க. ஒருத்தரைப் பார்க்க."

"சாமியாரா?"

"இல்லை. வேங்கிக்கால்ல டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த வேன் டிரைவரிடம் குனிந்து, "அண்ணா, காரு ஓட்டக் கத்துக்க மலேசியாவுல இருந்து வராங்கண்ணா," என்றார். ஊர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள். நானும் சிரித்தேன். என் கைப்பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதைப் பற்றி அவர்களிடம் சொல்லத் தொடங்கினால் வேன் ஊரைத் தாண்டிப் போய்விடும்.

அப்பா சாக்ஸபோன் வாசித்தவர். பகலில் துறைமுகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் ஒரு ஹோட்டலில் ஜாஸ் குழு. ஆல்பர்ட் என்றால் பினாங்கில் அந்தக் காலத்து ஆட்கள் சிலருக்காவது தெரியும். முன்கோபி. ஷூ பளபளக்காமல் மேடை ஏறமாட்டார். அவருடைய குழு போட்ட ஒரே இசைத்தட்டு, நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது கோலாலம்பூரில் ஒரு கச்சேரி மண்டபத்தில், ரசிகர்கள் முன்னால் வாசிக்க வாசிக்கப் பதிவானது. கைதட்டல், இருமல், நாற்காலி கிரீச்சிடும் சத்தம் எல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் குழுவில் பாஸ் வாசித்தவர் சீலன் மாமா. பாஸ் என்பது ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற, வயலின் சாடையில் இருக்கிற பெரிய வாத்தியம்; விரலால் சுண்டி வாசிப்பார்கள். மாமா எங்களுக்கு உறவில்லை. ஆனால் அம்மா அவரைக் கூடப்பிறந்த தம்பியாகவே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் தலைக் கறியில் பாதி அவருக்குத்தான்.

அன்றைய கச்சேரியின் கடைசி உருப்படியில் மற்றவர்கள் ஒதுங்கி மெல்லத் துணைபோக மாமா வெகுநேரம் தனி வாசித்தார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதை அம்மா பார்த்திருக்கிறாள். இசைத்தட்டு வெளிவந்தபோது அந்த வாசிப்பு அதில் இல்லை. அப்பா வெட்டச் சொல்லியிருந்தார். வெளியீட்டு விருந்தில் தட்டைப் போட்டுக் காட்டினார்கள். கடைசி உருப்படி முடிந்ததும் மாமா சாப்பிடாமல் எழுந்து போனார். கொஞ்ச நாளில் வாத்தியத்தை விற்றுவிட்டு, தன் அம்மாவின் வேண்டுதல் என்று சொல்லித் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். திரும்பி வரவேயில்லை.

"தட்டுல இடம் பத்தலை." அப்பா சொன்ன காரணம் இவ்வளவுதான். அம்மா அதை நம்பவில்லை. "கைதட்டல் சீலனுக்குப் போனது இவருக்குப் பொறுக்கல," என்பாள், அப்பாவின் காதில் விழும்படி. சாகும்வரை அதில் அவள் இறங்கி வரவில்லை. போன வருடம் அப்பாவும் போய்விட்டார்.

இப்போது சிங்கப்பூரில் ஒரு சிறிய கம்பெனி அந்த இசைத்தட்டை மறுபடி வெளியிட விரும்புகிறது. எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த மூல நாடாவைச் சுத்தம் செய்தபோது மாமாவின் வாசிப்பு முழுசாகக் கிடைத்தது. சேர்க்கலாமா என்று கேட்டார்கள். சேர்க்க வேண்டும் என்றேன். அப்பா பறித்ததை மகள் திருப்பிக் கொடுப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு. மாமாவின் சம்மதம் வேண்டும். போனில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நீ வா, ரோஸ். வந்து ஊரைப் பாரு. அதை மட்டும் கொண்டு வராதே."

கொண்டு வந்திருந்தேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, ஜெராக்ஸ் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் ஓர் அறை. வாசலில் சிவப்பில் எல் எழுதிய வெள்ளைக் கார். உள்ளே டிராபிக் அடையாளங்கள் வரைந்த பலகைக்குக் கீழே சீலன் மாமா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. விரல்கள் மட்டும் அப்படியே நீளமாக, கணுக்கணுவாக இருந்தன. என்ன பேசித் தொடங்குவது என்று தெரியாமல், எங்கள் ஊரில் யாரையும் எந்த வேளையிலும் கேட்பதைக் கேட்டுவிட்டேன்.

"பசியாறிட்டீங்களா மாமா?"

அவர் எழுந்தவர் அப்படியே நின்றார். "இங்க யாரும் அப்பிடிக் கேக்கமாட்டாங்க," என்றார். "டிபன் ஆச்சான்னு கேப்பாங்க. சாப்டியான்னு கேப்பாங்க." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கார் சாவியைத் தேடினார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

அன்று மாலை வகுப்பு இருந்தது. என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். ஓட்டக் கற்பவர் கவிதா. கலெக்டர் ஆபீஸில் வேலை, கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. ஊருக்குள் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் அவர் ஓட்டியது எனக்கு இந்தப் பயணத்தின் மூன்றாவது வாகன அனுபவம். ஒரு மாடு குறுக்கே வந்தபோது கவிதா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மாமா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். காரும் மாடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"சார், பயந்துட்டேன் சார்."

"மாடு பயப்படல பாருங்க. கிளட்சு ஜாஸ்தி விடாதீங்க. மெதுவா. ஒண்ணு... ரெண்டு... இப்ப விடுங்க."

எண்ணும்போது அவருடைய விரல்கள் டாஷ்போர்டில் தட்டின. கவிதா இறங்கிய பிறகு அதைச் சொன்னேன். "மாமா, நீங்க இன்னும் தாளம் போடுறீங்க."

"கார் ஓட்டவும் தாளம் வேணும்," என்றார். பிறகு, "கொண்டு வந்துட்டியா?"

"ஆமாம்."

"நான் கேக்கமாட்டேன் ரோஸ். அன்னைக்கி ராத்திரி நான் எப்பிடி வாசிச்சேன்னு எனக்குத் தெரியும். வாழ்க்கையில ஒரு தடவதான் அப்பிடி வரும். உங்கப்பனுக்கும் தெரியும். அதான் வெட்டினான். இப்ப அதை எடுத்து என்னா பண்றது?"

 என்னை லாட்ஜில் இறக்கிவிட்டு, மறுநாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்.

வீடு அடி அண்ணாமலையில். பௌர்ணமி என்பதால் மலை சுற்றும் பாதையில் வண்டிகளை விடவில்லை. ஆட்டோக்காரர் தடுப்பு வரைக்கும்தான் கொண்டுபோய் விட்டார். "இங்க இருந்து நடக்கணுங்க. எல்லாரும் நடக்குறாங்க, நீங்களும் நடங்க," என்றார். காலை வெயிலிலேயே ஜனங்கள் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தைப்பூசத்திலும் கூட்டம் உண்டு. ஆனால் அங்கே கூட்டம் ஒரு இடத்துக்குப் போய்ச் சேரும். இங்கே யாரும் எங்கும் போய்ச் சேரவில்லை, சுற்றி வருகிறார்கள். ஒரு ஐ.டி. பையன் போனில் சம்பள உயர்வு பற்றி யாரிடமோ பேசிக்கொண்டே நடந்தான். கடைக்குக் கடை ஒலிபெருக்கி. ஒரு கடையின் பக்திப் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு வந்து மோதியது.

மாமாவின் மனைவி கலாவதி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் "ஆன்ட்டி" என்றதும், "ஆன்ட்டி கீன்ட்டியெல்லாம் வேணாம். அவர மாமான்னு கூப்புட்டா நான் அத்தைதான?" என்றார். அவர்களுடைய கல்யாணக் கதையை அடுப்படியில் நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார். மலை சுற்ற வந்த மாமா முதல் நாளே சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டது அத்தை. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இரு என்று சொல்லியிருக்கிறார்.

"கட்டுப் பிரிச்சப்புறமும் போவல இந்த ஆளு," என்றார்.

கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், மல்லாட்டைச் சட்னி. களியைக் கிள்ளி மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அத்தை காட்டித் தந்தார். எனக்கு முதல் வாய் தொண்டையில் நின்றது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அத்தை சாதாரணமாகக் கேட்டார்:

"அந்தப் பாட்டு எடுத்தாந்தியாமே. எங்க?"

"கலா," என்றார் மாமா.

"என்னா கலா? கல்யாணம் ஆனதுல இருந்து வருசா வருசம் இதத்தான் சொல்லிக்கினு இருக்கீங்க. ஆல்பர்ட்டு வெட்டிட்டான், ஆல்பர்ட்டு வெட்டிட்டான்னு. என்னாத்த வெட்டினாரு, நான் கேக்க வேணாமா? நீங்க வேணும்னா வெளிய போய் நில்லுங்க. நான் கேக்கப் போறேன்."

வீட்டுக்குள் கேட்க முடியவில்லை. வெளியே இரண்டு ஒலிபெருக்கிகள். கொல்லைப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. கண்ணாடிகளை ஏற்றினால் அதுதான் வீட்டிலேயே அமைதியான இடம் என்று அத்தை சொன்னார். அவரும் நானும் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தோம். மாமா சற்று நேரம் வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு வந்து, முன்கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டினார். பென் டிரைவைக் கொடுத்தேன்.

மண்டபத்தின் சலசலப்பு காருக்குள் வந்தது. அப்பாவின் சாக்ஸபோன் பாட்டைச் சொல்லி முடித்து ஒதுங்கியது. பாஸ் தொடங்கியது. நான் வீட்டில் எத்தனையோ முறை கேட்ட வாசிப்பு. ஆனால் அதை வாசித்தவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு கேட்பது வேறு. முன்கண்ணாடியில் மாமாவின் கண்கள் மூடியிருந்தது தெரிந்தது. இடது கை விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் ஏறி இறங்கின. அத்தை அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் கணவன் வாசித்து அவர் பார்த்ததே இல்லை.

பாதி வாசிப்பில் விரல்கள் நின்றன.

மாமா கண்ணைத் திறந்து கார் ஸ்டீரியோவை உற்றுப் பார்த்தார். அது ஓடிக்கொண்டேயிருந்தது. வாசிப்பு முடிந்தது, கைதட்டல் வெடித்தது, யாரோ விசிலடித்தார்கள். அத்தை தன்னை மறந்து கைதட்டினார்.

"நல்லா இருக்குதுங்க! இம்மாம் நல்லா வாசிப்பீங்களா?"

மாமா ஸ்டீரியோவின் பொத்தானைத் தேடினார். "திரும்ப வைக்கிறேன்," என்றார்.

இரண்டாவது முறை பாதியிலேயே நிறுத்தினார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் தப்பா வாசிச்சிருக்கேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக, கவிதாவுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்த அதே குரலில் சொன்னார். "பாட்டு ஒரு வட்டம் மாதிரி. தனியா வாசிக்கும்போது என்னா வேணா வாசிக்கலாம், ஆனா எல்லாரும் மனசுக்குள்ள அந்தப் பாட்டைச் சுத்திக்கிட்டே இருக்கணும். நான் நடுவுல ஒரு வரியை விட்டுட்டேன். அங்க இருந்து நான் ஒரு இடத்துல இருக்கேன், மத்தவங்க ஒரு இடத்துல இருக்காங்க. பியானோக்காரன் எங்க சேர்றதுன்னு தெரியாம கையை எடுத்துட்டான். கேளு, பியானோ இருக்காது. டிரம்ஸ்காரன் வெறும் பித்தளைத் தட்டை மட்டும் தட்டிக்கிட்டு எனக்காகக் காத்திருக்கான். எனக்கு ஒண்ணும் தெரியல. நான்பாட்டுக்குப் பறந்துக்கிட்டு இருக்கேன்."

"ஜனங்க கைதட்டினாங்களே?" என்றார் அத்தை.

"ஜனங்களுக்குத் தெரியாது. வாசிக்கிறவன் எவன் கேட்டாலும் தெரியும்." விரலைத் தூக்கினார். "இப்ப கேளு. இந்த எடத்துல. பாஸைக் கேக்காதே. அதுக்குப் பின்னால கேளு."

மூன்றாவது முறை வைத்தார். பாஸுக்குப் பின்னால், வெகு தூரத்தில், மைக்கை விட்டு விலகி நின்று யாரோ மூச்சை அடக்கி ஊதுவது கேட்டது. மண்டபத்தின் எதிரொலி என்று நான் இதுவரை நினைத்திருந்தேன். எதிரொலி இல்லை. பாட்டின் முதல் வரி. அது முடிந்ததும் மறுபடி அதே வரி, இன்னும் மெதுவாக. இன்னொரு முறை. நான்காவது முறை பாஸ் அதில் வந்து சேர்ந்துகொண்டது. உடனே சாக்ஸபோன் நின்றது. பியானோ திரும்பி வந்தது.

அப்பா அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. மேடையில் அவர் வாசிப்பது எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று வாசிப்பதாகவே இருக்கும். இது ஒரே ஒருவர் காதுக்கு மட்டும் வாசித்தது.

"நடுவுல வந்து ஊதுறான்னு எனக்கு மேடையிலயே கோவம்," என்றார் மாமா. "என் வாசிப்புக்குள்ள மூக்கை நுழைக்கிறான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வெட்டவும் செஞ்சானா... நான் ரெண்டையும் சேத்துக் கணக்குப் போட்டுட்டேன். அவன் வழி காட்டியிருக்கான். நானும் அதைப் பிடிச்சிக்கிட்டுத்தான் திரும்பி வந்திருக்கேன். வந்தது எனக்கே தெரியல."

காருக்குள் வெக்கை ஏறியது. யாரும் கண்ணாடியை இறக்கவில்லை.

நான்தான் பேசினேன். "அப்ப இதைப் போட வேண்டாம் மாமா. அப்பா வெட்டினபடியே இருக்கட்டும். நான் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிடுறேன்."

"ஏன்?"

"உங்க தப்பு எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியட்டும். இத்தனை வருஷம் அவன் தப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்தத் தட்டுலயே அவன் நல்லா வாசிச்ச எடம் இதுதான். அதை வெட்டி வச்சிருக்கான் மடையன். முழுசாப் போடு."

 அத்தை கண்ணைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அவருக்குக் கோபம்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அந்த மனுசன்? 'சீலா, நீ தப்பா வாசிச்சிட்ட, அதான் எடுத்துட்டேன்'னு சொன்னா முடிஞ்சிபோச்சி. ரெண்டு பேருக்கும் வாய் இல்லியா?"

"சொல்லியிருந்தா நான் அதுக்கப்புறம் வாத்தியத்தையே தொட்டிருக்கமாட்டேன் கலா. நான் அப்ப அப்பிடிப்பட்ட ஆளு. அது அவனுக்குத் தெரியும்."

"சொல்லாததுனால மட்டும் தொட்டீங்களா?"

மாமா பென் டிரைவை எடுத்து என்னிடம் கொடுத்தார்.  நாங்கள் மூவரும் இறங்கினோம். அத்தை தேநீர் போட்டார். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் பக்கத்து வீட்டு வழக்கைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும்தான்.

சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து திரும்பினேன். அப்பா செய்தது பெருந்தன்மையா, வீம்பா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நண்பனின் மானத்தைக் காப்பாற்றினார், நண்பனை இழந்தார். வீட்டில் மனைவியின் சொல்லை ஆயுள் முழுக்க வாங்கிக்கொண்டார். நானும் என் பங்குக்குக் கொஞ்சம் அவரை வெறுத்திருக்கிறேன். அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், அந்த மூச்சடக்கிய வாசிப்பு காதிலிருந்து போகவில்லை. வழியில் ஒரு கடைக்காரர், "அம்மா, சுக்குக் காப்பி குடிச்சிட்டுப் போங்க, இன்னும் ரொம்ப தூரம் இருக்குது," என்றார். குடித்தேன். தொண்டை எரிந்தது நன்றாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு மாமா வந்தார். சம்மதத்தைப் பேச்சாகவே போனில் பதிவு செய்து கொடுத்தார். அதில் தன் பெயரைச் சொல்லும்போது "பாஸ் வாசிப்பவன்" என்று சொல்லிக்கொண்டார். அத்தை கொடுத்தனுப்பிய மல்லாட்டைப் பையை என் மடியில் வைத்துவிட்டு, பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"ரோஸ், உங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நீதான் கூட இருந்தியா?"

"நான்தான் மாமா."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

ஒரு பொய் சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை மாமா. ஒண்ணும் சொல்லலை."

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், எதிர்பார்த்தது நடந்துவிட்ட மாதிரி. "சொல்லமாட்டான்."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். அம்மா கடைசிவரைக்கும் அப்பாவைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. அவங்க வாயை அடைக்கவாவது சொல்லியிருக்கலாம்ல?"

டிரைவர் ஏறி என்ஜினைக் கிளப்பினார். மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"உங்கம்மாகிட்ட சொன்னா அது என்கிட்ட வந்துடும், ரோஸ். உங்கம்மா எனக்கு அக்கா. அதனாலதான் அவன் அவங்ககிட்டயும் சொல்லலை."